கழற்றும் அண்ணை

எங்கள் ஸ்காபரோ வீட்டில் ட்ரையர் நின்றுபோன செய்தியை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. மனைவி தன் தங்கைக்குச் சொன்னாள். அது போதும். சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக வாசலில் அண்ணை நின்றார். கையில் மல்டிமீற்றர், முதுகுக்குப் பின்னால் தை மாதக் குளிர்.

அண்ணை என்றால் ஓராள் இல்லை, ஓர் இனம். ரொறன்ரோவில் தமிழ்ச்சனம் இருக்கிற எந்தத் தெருவிலும் ஒருவராவது அகப்படுவார். கிழமை நாட்களில் எங்கேயோ வேலைக்குப் போவார். அது மோட்கேஜ் கட்டுவதற்கு. பிறவித் தொழில் கழற்றுவது. கூலி வாங்கமாட்டார், நீட்டினால் கோபம் வரும். அவர் கேட்பதெல்லாம் பக்கத்தில் நின்று டோர்ச் பிடிக்க ஓராள். அந்த ஆள் பிழையான இடத்தில் வெளிச்சம் அடிக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் "தம்பி, இங்கால பிடியும்" என்று சொல்ல அவருக்கு வாய்ப்பில்லாமல் போய்விடும்.

பேஸ்மென்டுக்கு இறங்கியவர் உடனே கைவைக்கவில்லை. ஊர்ப் பரியாரியார் போல முதலில் விசாரணை.

"பட்டனை அமத்தேக்க 'ம்ம்' எண்டு முனகுதா, 'டிக்' எண்டிட்டு நிக்குதா, இல்லாட்டி வாயே திறக்கேல்லையா?"

"வாயே திறக்கேல்லை அண்ணை."

முகம் மலர்ந்தது. முனகினால் மோட்டர் சுற்றப் பார்க்கிறது, எதுவோ பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தமாம். வாயே திறக்காவிட்டால் கரண்ட் வருகிற வழியில் எங்கேயோ மறியல்.

"அண்ணை, ரெண்டு மாசமா ஒருக்காப் போட்டா உடுப்புக் காயுதில்லை. ரெண்டாந்தரமும் போடவேண்டிக் கிடக்கு" என்றாள் மனைவி.

"பொறுங்கோ பிள்ளை" என்று கையை உயர்த்தினார். நோயாளியின் வீட்டுக்காரர் சொல்வதை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பது அண்ணை வம்சத்துக்கு இழுக்கு.

முதலில் 30 அம்பியர் பிரேக்கரை நிறுத்திப் போட்டார். ஊரில் ஒரே கம்பியில் வருகிற 230 வோல்ட்டை இங்கே 120, 120 என்று இரண்டு கம்பியில் அனுப்புகிறார்களாம். "கசவாரங்கள்" என்றார். ஒரு கம்பி செத்தால் உருளை சுற்றும், சூடு வராது. மற்றது செத்தால் சுற்றவே சுற்றாது. இரண்டும் உயிரோடுதான் இருந்தன. கதவைத் திறந்தார், உள்ளே பல்ப் எரிந்தது. கதவு சுவிச்சை விரலால் அமத்தினார், 'டிக்' என்று பல்ப் அணைந்தது. "இதுவும் சுத்தவாளி."

அடுத்துப் பிளக்கை இழுத்துவிட்டு முதுகுத் தகட்டைக் கழற்றினார். ஒவ்வோர் ஆணியாக ஐஸ்கிரீம் பெட்டி மூடிக்குள் விழ விழ, கதையும் தொடங்கியது. 1990களில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பெற்றோலும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு மிதித்து, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட காலம். மோட்டச்சைக்கிளின் காபரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு உசுப்பி, மிச்சத் தூரம் மண்ணெண்ணெயில் ஓடியிருக்கிறார்கள். பின்னால் வருகிறவனுக்கு அந்தப் புகையே போதுமாம். இதை அண்ணை எங்கள் வீட்டில் மட்டும் நான்காவது தடவை சொல்கிறார். நான்கு தடவையும் நான் டோர்ச்சை மறந்துபோய்க் கேட்டிருக்கிறேன், அதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

நடுவில் போன் வந்தது. மறுமுனையில் அவருடைய மனைவி, எங்களுக்கு அக்கா. பேஸ்மென்டின் அமைதியில் எல்லாம் கேட்டது: "எங்கட ட்ரையரை எப்ப திருப்பிப் பூட்டுவியள்?" அண்ணை போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, "சிக்னல் இல்லை" என்றார்.

பிறகு அந்தச் சின்னச் சாமானைக் காட்டினார். சுண்டுவிரல் நுனி அளவு வெள்ளைப் பிளாஸ்டிக், அதற்கு இரண்டு வயர். தேர்மல் ஃபியூஸ். மல்டிமீற்றரின் இரண்டு ஊசிகளையும் முதலில் ஒன்றோடொன்று முட்டினார், 'பீப்'. ஃபியூஸில் வைத்தார், சத்தமில்லை. இன்னொருக்கால் வைத்தார். இல்லை.

"போட்டுது!" பொருத்தமான மாப்பிள்ளை அகப்பட்ட குரல்.

"அப்ப அந்த ரெண்டு வயரையும் நேர முடிஞ்சுவிட்டா ஓடாதே அண்ணை?" என்று கேட்டேன், அவருடைய மாணவன் என்ற துணிவில்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். "மண்ணெண்ணெயில ஓடினது வேற வழியில்லாமல், தம்பி. இங்க கடையில சாமான் கிடக்கு. வீட்டைக் கொளுத்தப் போறீரே?"

ஃபியூஸ் தானாகச் சாகாதாம், சாகடித்தவரைப் பிடிக்கவேண்டுமாம். பின்னால் இருந்த நாலங்குல வெள்ளிக் குழாயைக் கழற்றினார். உள்ளே நரைத்த பஞ்சு, ஒரு தலையணைக்குத் தாராளமாகக் காணும். வெளிச்சுவர் மூடியில் போன கோடையில் எந்தக் குருவியோ குடித்தனம் நடத்திய காய்ந்த புல். சூட்டுக்காற்று போக வழியில்லை. உள்ளேயே நின்று கொதித்திருக்கிறது. கடைசியில் ஃபியூஸ் தன் உயிரைக் கொடுத்து மெஷினை நிறுத்தியிருக்கிறது.

அண்ணை எழும்பி, முழங்கால் தூசியைத் தட்டிவிட்டு, மனைவியிடம் விளக்கினார்: "பிள்ளை, இதிலயிருந்து நீங்கள் ஒண்டு விளங்கோணும். குழாய் அடைச்சா உடுப்புக் காயாது. ரெண்டாந்தரமும் போடவேண்டி வரும்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் டோர்ச்சைப் பார்த்தேன்.

மத்தியானம் கடைக்குப் போய்ப் புது ஃபியூஸ் வாங்கி வந்து பூட்டினார். ட்ரையர் உருண்டது. செத்த ஃபியூஸை எறியப்போனேன். தடுத்து வாங்கி, டிஷ்யூவில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை ஒரு சாமத்தியவீட்டு மண்டபத்தில் அவரைக் கண்டேன். கோட் சூட், சுற்றிவர ஐந்தாறு பேர். உள்ளங்கையில் டிஷ்யூ விரிந்திருந்தது. "தம்பி வயரை நேர முடியப் பாத்தவர்" என்று என்னைக் காட்டினார். எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். கூட்டத்தில் ஒருவர் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"அண்ணை, எங்கட டிஷ்வொஷரும் ரெண்டு நாளா ஒரு மாதிரி..."

"முனகுதா?" என்றார் அண்ணை. கை அதற்குள் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தது.