72 கிலோவுக்குச் சேதாரம் எவ்வளவு?

மெல்பர்ன், ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சானுக்கு,

மாமாவும் அத்தையும் சுகம். தங்க வயல்களுக்குப் போய்வந்த விவரத்தை ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னாய், அடுத்த வருஷம் நீயும் குடும்பத்தோடு வரப்போவதால். எழுதுகிறவன் உன் அக்கா வீட்டுக்காரன்தான். ஆனால் மாமாவும் அத்தையும் பார்த்திருக்க ஓடையில் தட்டைப் பிடித்து அசடு வழிந்த பிறகு 'நான்' என்று எழுதக் கை கூசுகிறது. ஆகவே இந்தக் கடிதம் முழுக்க அவன் வெறும் 'மாப்பிள்ளை'.

முதல் நாள் பலராட். மெல்பர்னிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். சதர்ன் கிராஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். மெல்பர்ன் நகருக்குள் ஒரு நாள் சுற்ற என்ன கட்டணமோ, அதற்கு மேல் வெளியூர் ரயிலிலும் வாங்கக்கூடாது என்று 2023 மார்ச்சில் விக்டோரியா அரசு மாற்றிவிட்டது. காபியைக்கூட ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கிற மாமா, ரயில் டிக்கெட்டை மட்டும் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் பையில் வைத்துக்கொண்டார்.

பலராட் நானூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. மெல்பர்னில் சட்டையோடு கிளம்பியவனுக்கு அங்கே ஸ்வெட்டர் வேண்டும். மாமா மட்டும் மங்கி குல்லாவும் மப்ளருமாக, ஊரிலிருந்து கொண்டுவந்த கம்பீரத்தோடு இறங்கினார்.

அந்தக் கோலத்தில்தான் ஸாவரின் ஹில்லுக்குள் போனோம். 1850களின் தங்க ஊர் ஒன்றைத் தெருவும் கடையும் குதிரை வண்டியுமாகத் திரும்பக் கட்டி, 1970இல் திறந்த திறந்தவெளி அருங்காட்சியகம் அது. உள்ளே வேலை செய்கிறவர்களும் அந்தக் காலத்து உடையில்தான் நடமாடுகிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒரு பொடியன் செங்கோட்டுச் சிப்பாயை விட்டுவிட்டு மாமாவோடு படம் எடுத்துக்கொண்டான். இடத்துக்கு மாமா வைத்த பெயர் 'சவரன் மலை'. வேடிக்கைக்குச் சொன்னாலும் அது சரிதான். நம் கடைகளில் சொல்லும் சவரன், அந்த ஸாவரின் காசேதான். மெல்பர்னிலேயே 1872இல் நாணயச்சாலை திறந்து இந்தத் தங்கத்தைக் காசாக அடித்தார்கள். அதில் பொடியாக ஒரு 'எம்' எழுத்து இருக்கும். தன் நகைப் பட்டறைக்குப் பழைய காசை அழிக்கக் கொண்டுவருகிறவர்களிடம் அந்த எழுத்தைப் பார்த்திருப்பதாக மாமா சொன்னார். மெட்ராஸ் என்று நினைத்திருந்தாராம்.

தங்கத்தை உருக்கி வார்த்துக் காட்டும் கொட்டகைக்குக் கட்டாயம் போ. சுமார் மூன்று கிலோ தங்கம். உருக ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கூட்டம் வாயைப் பிளந்து நிற்கிறது. நாற்பது வருஷம் பட்டறையில் மூசையும் துருத்தியுமாக இருந்த மனுஷனுக்கு அதில் என்ன புதுமை? அதே கட்டியைத்தான் தினமும் உருக்குகிறார்கள் என்று தெரிந்ததும் மாப்பிள்ளையின் காதருகே வந்தார். "ஏனுங்க மாப்பிள்ளை, இத்தனை வருஷமா உருக்கறாங்களே, ஒரு ஜிமிக்கியாச்சும் பண்ணக்கூடாதுங்களா?"

அடுத்தது ஓடை. தட்டு அவர்களே தருகிறார்கள், மண்ணும் தண்ணீரும் ஏராளம். கோலார் மாதிரி மூன்று கிலோமீட்டர் ஆழம் இறங்க வேண்டும் என்று மாமா நினைத்திருந்தார். இங்கே 1851இல் கிடைத்த முதல் தங்கமெல்லாம் ஓடைப் படுகையில் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. மண்வெட்டியும் தட்டும் வைத்திருந்தவனெல்லாம் முதலாளி. அதனால்தான் அந்த வருஷம் 77,000 பேர் இருந்த விக்டோரியாவில் பத்தே வருஷத்தில் 5,40,000 பேர் ஆனார்கள்.

மாப்பிள்ளை பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். யூடியூபில் பார்த்தபடி ஆட்டினான், சுழற்றினான். முக்கால் மணி நேரத்தில் தட்டின் அடியில் பளபளவென்று நாலைந்து தகடு. மாமாவிடம் ஓடினான். அவர் கண்ணாடியை ஏற்றிக்கூடப் பார்க்கவில்லை. "காக்காப்பொன்" என்றார்.

அத்தை அதுவரை கரையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். "தட்டை இப்படிக் குடுங்க மாப்ளே" என்று வாங்கினார். அந்தத் தட்டின் ஓரத்தில் உள்ள வரிகளைப் பார்த்தால் உனக்கும் புரிந்திருக்கும்: உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் அரிக்கஞ்சட்டியேதான். அரிசி களையும்போது அரிசி தண்ணீரோடு நழுவிவிடும், கல் வரியில் தங்கும். இங்கே கல்லும் மணலும் நழுவ, தண்ணீரைவிடப் பத்தொன்பது மடங்கு கனமான தங்கம் தங்கிவிடும். ரேஷன் அரிசியில் கல் அரித்த கைக்கு இது ஒரு வேலையா? பத்து நிமிஷத்தில் நான்கு பொட்டு. கடுகில் கால்வாசிகூட இருக்காது, ஆனால் அசல். நம் நகைக்கடைத் தெருவில் விடிகாலையில் சாக்கடை மண்ணை அள்ளி அலசுவார்களே, அந்த நிதானம். பக்கத்தில் முழங்கால் நனைய நின்ற ஒரு ஜெர்மன் தம்பதி அத்தையிடம் பாடம் கேட்டார்கள். அத்தை தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார், அவர்களுக்கும் கிடைத்தது. பொட்டுகளைப் போட்டுவைக்கச் சின்னக் கண்ணாடிக் குப்பி வாங்கினோம். உள்ளே இருப்பதைவிடக் குப்பிக்கு விலை அதிகம் என்பது மாமாவின் மதிப்பீடு.

போவதற்குக் குறிப்பு: மாற்று சாக்ஸ் கொண்டுபோ, தண்ணீர் ஐஸ். திங்கட்கிழமை என்றால் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டிப் பார்த்துக்கொள்.

பலராட்டிலேயே இருக்கும் யுரேகா மையத்தைத் தவறவிடாதே. அங்கே கிழிந்த நீலத் துணி ஒன்றைக் கண்ணாடிக்குள் மங்கிய வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள். நடுவே வெள்ளைச் சிலுவை, நட்சத்திரங்கள். தங்கம் தேடியவர்களிடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாதாமாதம் (ஆரம்பத்தில் 30 ஷில்லிங்) லைசென்ஸ் காசு பிடுங்கினார்கள். அதை எதிர்த்து மரக்கட்டைகளால் அரண் கட்டி, இந்தக் கொடியை ஏற்றி நின்றவர்கள் மீது 1854 டிசம்பர் 3 விடியற்காலையில் படை பாய்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தலைவர் பீட்டர் லாலருக்கு ஒரு கை போனது. ராஜத்துரோக வழக்கில் நிறுத்தப்பட்ட பதின்மூன்று பேரையும் ஜூரிகள் விடுதலை செய்தார்கள். லாலர் பிற்பாடு அதே விக்டோரியாவின் சட்டசபைக்குச் சபாநாயகர். லைசென்ஸும் ஒழிந்து, வருஷத்துக்கு ஒரு பவுண்டு கட்டினால் போதும் என்று 'மைனர்ஸ் ரைட்' வந்தது. "கெடைக்காட்டியும் வரியா!" என்று கொடியின் முன்னால் மாமா நின்ற நிலையில், ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுகிற ஆயாசம் தெரிந்தது.

அந்த மைனர்ஸ் ரைட் இன்றைக்கும் உண்டு. இணையத்தில் வாங்கலாம், பத்து வருஷம் செல்லும், நல்ல ஹோட்டலில் ஒருவர் சாப்பிடுகிற காசுதான். கிடைப்பது கிடைத்தவருக்கே. ஆனால் கண்ட இடத்தில் தோண்ட முடியாது. தனியார் நிலம் என்றால் உரிமையாளரைக் கேட்க வேண்டும், தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் கூடாது, தோண்டிய குழியை மூடிவிட்டு வர வேண்டும். மாப்பிள்ளை ஒன்று வாங்கி, டிடெக்டரும் வாடகைக்கு எடுத்து, மறுநாள் காரில் டனாலிப் பக்கம் கிளம்பினான்.

காரணம் இருக்கிறது. 1869 பிப்ரவரி 5 அன்று டனாலிக்கு அருகே மொலியாகுலில், ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்ற இரண்டு பேர் மரத்தின் வேரடியில், மேல்மண்ணுக்கு ஓரிரு அங்குலம் கீழே ஒரு கட்டியில் இடித்துக்கொண்டார்கள். 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' என்று பெயர். சுத்தத் தங்கம் மட்டும் ஏறக்குறைய 72 கிலோ, நம் கணக்கில் ஒன்பதாயிரம் சவரன்! டனாலி வங்கியில் அதை நிறுக்கத் தராசு போதவில்லை. கொல்லனின் பட்டடையில் வைத்து உடைத்து, துண்டு துண்டாக நிறுத்தார்கள். அந்தப் பட்டடை டனாலி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த மாதிரிச் சிற்றூர் அருங்காட்சியகங்கள் தினமும் திறப்பதில்லை, போன் செய்துவிட்டுப் போ. கொடியின் முன்னால் நின்றதைவிட அதிக நேரம் மாமா பட்டடையின் முன்னால் நின்றார். கடைசியில் கேட்டார்: "சம்மட்டியில அடிச்சா தெறிக்குமுங்களே, அந்தச் சேதாரத்தை யார் கணக்குல எழுதுனாங்க?" காவலுக்கு இருந்தவருக்கு அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை.

1980இல் அதே வட்டாரத்துக் கிங்கோவரில் டிடெக்டர் வைத்தே 27 கிலோக் கட்டி எடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குக் கிடைத்தவை: லாட ஆணி ஒன்று, பீர் மூடி பதினொன்று. காட்டில் பழைய சுரங்கக் குழிகள் புதருக்குள் வாயைத் திறந்துகொண்டிருக்கும், பிள்ளைகளை ஓடவிடாதே. வெயில் காலத்தில் பாம்பு. பொழுது சாய்ந்தால் கங்காரு ரோட்டில் குறுக்கே பாயும், அதற்குள் வண்டியை ஊர் சேர்த்துவிடு.

அடுத்த தங்க ஊரான பெண்டிகோவில் பூமிக்கடியில் 61 மீட்டர் இறங்கும் சென்ட்ரல் டெபோரா சுரங்கத்தை மாமாவின் முழங்கால் அனுமதிக்கவில்லை. பதிலுக்கு கோல்டன் டிராகன் அருங்காட்சியகம் போனோம். விக்டோரியாவில் கப்பலிறங்கும் சீனர் தலைக்கு 10 பவுண்டு என்று 1855இல் வரி போட்டார்கள். அதைத் தவிர்க்க ஆயிரக்கணக்கானோர் பக்கத்து மாநிலத்து ரோப் துறைமுகத்தில் இறங்கி, சுமார் 400 கிலோமீட்டர் நடந்தே வந்திருக்கிறார்கள். அத்தை அங்கே மட்டும் ஒன்றும் பேசவில்லை.

நீ வரும்போது பரணில் இருக்கும் அரிக்கஞ்சட்டியை மறக்காமல் எடுத்து வா. தட்டா சட்டியா என்று மாமாவுக்கும் அத்தைக்கும் பந்தயமாம். தேய்த்துக் கழுவி, காயவைத்துப் பெட்டியில் வை. ஒரு துளி மண் ஒட்டியிருந்தாலும் இந்த ஊர் விமான நிலையத்தில் விடமாட்டார்கள். செருப்பின் அடியையும் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை