ஐயா நடந்த தூரம்

சென்ற வாரம் ஒரு புத்தக வெளியீட்டு விழா. நூலாசிரியர் தொழிலதிபர். ஏற்புரையில், "எழுத்துங்கிறது தவம். ராத்திரி ராத்திரியா கண் முழிச்சு எழுதினேன்" என்று தழுதழுத்தார். கண் முழித்தவன் ஏழாவது வரிசையில், மின்விசிறிக் காற்று எட்டாத நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நன்றிப் பக்கத்தில் தட்டச்சு செய்தவர், அட்டை வடிவமைத்தவர், மூட்டுவலிக்குத் தைலம் கொடுத்த வைத்தியர் எல்லோருக்கும் இடம் இருந்தது. எனக்கு இல்லை. அந்தப் பக்கத்தையும் எழுதியவன் நான்தான் என்பதால் யார்மீதும் கோபப்பட வழியில்லை. வாசலில் புத்தகத்துக்குக் காசு கேட்டார்கள். விழாச் சலுகை 10 சதவீதம். என் கூலியில் டிடிஎஸ் என்று பிடித்ததும் 10 சதவீதம்தான். கணக்கு நேர்.

அடுத்தவர் பெயரில் எழுதிப் பிழைப்பவன் நியாயமான கூலி வாங்க மூன்று வழிகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் இந்தப் பள்ளிக்கூட நடையைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன்.

சுயசரிதை எழுத வருகிற அத்தனை பேரும் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனவர்கள். பஸ்ஸில் போனவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. சைக்கிளில் போனவர்கள் இருந்திருக்கலாம். அவர்கள் சுயசரிதை எழுதுவதில்லை. இந்த ஐயா முதல் நாள் பேசியபோது தூரம் 2 கிலோமீட்டர். எழுதிக்கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "தம்பி, கொஞ்சம் கம்மியாத் தெரியுதே" என்றார். 4 ஆக்கினேன். முதல் புரூஃபில் நடுவே ஒரு வாய்க்கால் வந்தது. அடுத்த புரூஃபில் வாய்க்கால் காட்டாறாகி, தூரம் 7 ஆனது. ஊரோ தஞ்சாவூர்ப் பக்கம், கண்ணுக்கெட்டிய வரை வயல். காட்டாறு எங்கிருந்து வரும் என்று கேட்டேன். "அப்பல்லாம் மழை அப்படி, தம்பி."

காலில் செருப்பில்லை. இடுப்பில் தம்பி. மழைக்குத் தலையில் வாழையிலை. ஒரு கையில் சிலேட்டு, மறு கையில் தூக்குவாளி. தம்பியை எந்தக் கையால் பிடித்தார் என்பது நூலில் இல்லை. கிளம்புமுன் மாட்டைக் குளிப்பாட்டிப் பால் கறந்து வீடு வீடாக ஊற்றிவிட்டு வருவாராம். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒன்பது மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டுமென்றால் விடியற்காலை மூன்றுக்கே எழுந்தாக வேண்டும். நெருடுகிறதே என்று சொல்லப்போனேன். முகம் மலர்ந்துவிட்டது. "ஆமா, மூணு மணிக்குத்தான் எந்திரிப்பேன். போட்டுக்குங்க."

ஊருக்கு மின்சாரமே வரவில்லை என்கிறது 11ஆம் பக்கம். தெருவிளக்கடியில் உட்கார்ந்து படித்தேன் என்கிறது 14ஆம் பக்கம். ஒன்றை எடுத்துவிடலாமா என்றேன். "ரெண்டும் உண்மை தம்பி" என்றார். அப்போது காபி கொண்டுவந்த அவருடைய அக்கா, "எந்தப் பள்ளிக்கூடம்டா? நம்ம திண்ணையில நின்னாலே மணிச்சத்தம் கேக்குமே" என்றார். அக்காவைப் பற்றிய அத்தியாயம் மறுநாள் நீக்கப்பட்டது.

காமராசர் 1954 முதல் 1963 வரை முதல்வராக இருந்து ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார். என் வாடிக்கையாளர்கள் பிறந்த ஊர்களை மட்டும் சொல்லிவைத்தாற்போல் விட்டுவிட்டார். நீங்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் பிள்ளையிடம் போன வாரம் எத்தனை கிலோமீட்டர் சொன்னீர்கள்?

சரி, கூலி. வார்த்தைக்கு 40 பைசா. தமிழில் இப்படி எண்ணிக் காசு கொடுப்பது கொடுமை. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்காகத்தான்' என்று இலக்கணமாக எழுதினால் மொத்தமே 40 பைசா. 'போய்க் கொண்டு இருந்தவர்களுக்கு ஆகத் தான்' என்று உடைத்தால் 2 ரூபாய். வயிறு எந்தப் பக்கம் நிற்கும்? உடைத்தேன். மெய்ப்புப் பார்க்க வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அத்தனையையும் ஒட்டிவைத்துவிட்டுப் போனார். பணம் கொடுக்கும்போது எண்ணியது அவர் ஒட்டியதைத்தான்.

டிடிஎஸ் கதையும் இப்படித்தான். ஒருவர் தருகிற கட்டணம் வருஷத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடிக்க வேண்டும் என்பது 2025 ஏப்ரலிலிருந்து விதி. நானாவது, தாண்டுவதாவது. "பிடிச்சா உங்களுக்கும் ஒரு கெத்துதானே சார்" என்றார் கணக்குப்பிள்ளை.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. உரிமையை விற்ற பிறகும் 'எழுதியவன் நான்' என்று சொல்லிக்கொள்ளலாம் என்கிறது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 57ஆம் பிரிவு. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. எங்கள் ஒப்பந்தம் ஓட்டலில், "நமக்குள்ள என்ன தம்பி" என்பதோடு முடிந்தது. காபிக்கு நான் காசு கொடுத்தேன்.

1791இல் ஆஸ்திரியாவில் வால்செக் என்றொரு பிரபு இருந்தார். இறந்துபோன மனைவிக்காக ஓர் இரங்கல் இசைக்கோவை வேண்டும், ஆனால் தானே இயற்றியதாக ஊர் நம்ப வேண்டும். ஆள் வைத்து, பெயரைச் சொல்லாமல், மொசார்ட்டிடம் வேலையைக் கொடுத்தார். மொசார்ட் அதை முடிக்காமலே அந்த டிசம்பரில் இறந்துபோனார். மற்றவர்கள் முடித்துக் கொடுத்ததைப் பிரபு தன் கையால் நகலெடுத்து, 1793இல் தன் படைப்பாகவே அரங்கேற்றினார். எல்லோரும் அவரைத் திட்டுகிறார்கள். நான் திட்டமாட்டேன். மனுஷன் பாதிப் பணத்தை முன்கூட்டியே கொடுத்திருக்கிறார்.

அந்த மூன்று வழிகளில் முதலாவதை எழுதப்போன நேரத்தில் போன். இன்னொரு ஐயா. "தம்பி, ஏஐயிலயே முழுசா எழுதி வாங்கிட்டேன். நீங்க லேசாத் தட்டி உயிர் மட்டும் குடுங்க. வேலை கம்மி, அதனால பாதி ரேட்டு." கோப்பைத் திறந்தேன். முதல் அத்தியாயத்திலேயே ஐயா வெறுங்காலில் 12 கிலோமீட்டர் நடக்கிறார், நடுவில் காட்டாறு. இயந்திரம் இதை யாருடைய புத்தகங்களைப் படித்துக் கற்றது என்று எனக்குத் தெரியும். அதற்கும் காசு வரவில்லை.