ஓடிய வரைக்கும் கூலி

அமெரிக்கக் கால்பந்தில் ரன்னிங் பேக் என்றொரு உத்தியோகம் உண்டு. வேலை எளிது: பந்தை இடுக்கிக்கொண்டு, 130 கிலோ ஆட்கள் நிற்கும் இடமாகப் பார்த்து ஓட வேண்டும்.

கல்லூரியிலிருந்து வருபவரின் முதல் நான்கு வருடச் சம்பளத்தை லீக் விதிகளே ஏறக்குறைய முடிவு செய்துவிடும். முட்டி நன்றாக இருக்கும் காலமும் அதுதான். பிறகு பேரம் பேச உட்கார்ந்தால், நிறைய ஓடியிருந்தால் தேய்ந்துவிட்டார். குறைவாக ஓடியிருந்தால் திறமை போதாது.

லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி 2018இல் தன் ரன்னிங் பேக் டாட் கர்லியின் ஒப்பந்தத்தை 6 கோடி டாலருக்கு நான்கு ஆண்டுகள் நீட்டித்தது. அந்த நான்கில் முதல் ஆண்டு ஆட்டம் தொடங்கும் முன்பே, 2020 மார்ச்சில், 25 வயதில் அவரை வீட்டுக்கு அனுப்பியது. ஒரு பகுதி கைக்கு வந்தது. மிச்சம் ஏட்டுச் சுரைக்காய்.

போகவும் விடாமல், நீண்ட ஒப்பந்தமும் தராமல் ஓராண்டு பிடித்துவைக்க ‘ஃபிரான்சைஸ் டேக்’ இருக்கிறது. 2023இல் ரன்னிங் பேக்குக்கு அதன்படி ஓராண்டுச் சம்பளம் சுமார் 1 கோடி டாலர். அதற்கும் கீழே இருந்தவர்கள் பந்தை உதைப்பவர்கள் மட்டுமே. அவர்களில் சிலர் நாற்பது வயதிலும் சட்டை கசங்காமல் சம்பளம் வாங்குகிறார்கள்.

நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியும் கணக்குப் பார்த்து 2024இல் தன் ரன்னிங் பேக் சாக்வான் பார்க்லியைப் போகவிட்டது. அவர் பிலடெல்பியா ஈகிள்ஸுக்குப் போய் அந்தப் பருவத்தில் 2,005 யார்டு ஓடினார். தன் 28ஆவது பிறந்தநாளன்று லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலையும் வென்றார். கணக்குப்பிள்ளைகள் அசருவார்களா என்ன? ‘விதிவிலக்கு’ என்று ஒரு பத்தியைச் சேர்த்து எழுதிக்கொண்டால் போயிற்று.