புறப்புண் ஆராய்ச்சி

முதுகில் பட்ட காயத்துக்கு நாணிச் சேரமான் பெருஞ்சேரலாதன் வெண்ணியில் வடக்கிருந்து உயிர்விட்ட கதை தமிழர் அறிந்தது. என் மச்சானின் இழுவண்டி வீட்டுக்கும் (கட்டில், அடுப்பு சகிதம் காருக்குப் பின்னால் கோத்து இழுப்பது) முதுகில்தான் காயம். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கீறலில்லாமல் ஏறி வந்தது, மைசூரில் சாமுண்டி மலையடிவார விடுதியொன்றின் வேப்பமரத்திடம் தோற்றது. வண்டி வடக்கிருக்கவில்லை. மச்சான்தான் அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் பின்பக்கக் கேமரா வாங்கினார்.

இந்த ஊருக்கு இழுவண்டி வீடு புதிதல்ல. 1979இல் தொடங்கிய ரயில் அருங்காட்சியகத்தில் மகாராணியின் சலூன் நிற்கிறது. 1899ஆம் ஆண்டுப் பெட்டி. சமையலறை, சாப்பாட்டு அறை, கழிவறை எல்லாம் உள்ளேயே. ரயிலில் பின்பக்கம் பார்க்கவென்றே கொடியோடும் விளக்கோடும் ஒரு கார்டு உண்டு (2022 முதல் அவர் ‘டிரெயின் மேனேஜர்’). போதாதென்று கடைசிப் பெட்டியின் முதுகில் பெரிய பெருக்கல் குறி. அதைப் பார்த்தால்தான் வண்டி முழுசாக வந்து சேர்ந்தது என்று ஸ்டேஷனில் நம்புவார்கள். ஓட்டுபவனால் பார்க்க முடியாத முதுகை ஊரே பார்க்கட்டும் என்ற ஏற்பாடு. மச்சானுக்கு இந்த வசதி இல்லை.

“ரிவர்ஸ் லைட்லேர்ந்து கரண்ட் எடுத்தா ரிவர்ஸ் போட்டாத்தான் படம் வரும் சார். பார்க் லைட்ல குடுத்தா ஓடுறப்பவும் தெரியும்” என்றார் எலக்ட்ரீஷியன். வயரில்லாத கேமராவை அவர் மதிக்கவில்லை. அத்தனை நீள உடம்பைத் தாண்டி சிக்னல் தடுமாறுமாம். கூரையோரம் கேமராவைப் பொருத்தி, கொக்கியருகே பிளக்கில் இணைத்தார். படம் வந்தது, ஆனால் வேப்பமரம் இடம் மாறி நின்றது. கேமராவின் வாலில் ஒரு குட்டி வயர் வளையம். வெட்டினால் இடமும் வலமும் சரியாகும் என்றார். வெட்டினால் வாரண்டி போய்விடும் என்று மச்சான் தடுத்துவிட்டார்.

இனி தேற்றம். இழுவண்டியைப் பின்னே தள்ளும்போது ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் வண்டியின் பின்பக்கம் இடப்பக்கம் போகும்: முதல் தலைகீழ். திரையில் இடம் வலமாகத் தெரிகிறது: இரண்டாவது. பின்னால் நின்று, மரத்தைப் பார்த்தபடி “லெஃப்ட், லெஃப்ட்” என்று கத்துபவனின் லெஃப்ட் ஓட்டுபவருக்கு ரைட்: மூன்றாவது. கத்தியவன் நான். இரண்டு தலைகீழ் சேர்ந்தால் நேர். மூன்று சேர்ந்தால் வேப்பமரம். இரண்டாம் புண் முதல் புண்ணுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

அப்போது தமிழ்நாட்டுச் சுற்றுலாப் பேருந்து ஒன்று அதே இடத்தில் பின்னே வந்தது. கிளீனர்ப் பையன் கீழே குதித்து, பேருந்தின் முதுகைத் தட்டிக்கொண்டே, “வரட்டும்... வரட்டும்... டிரைவர் சைடு ஒடிங்கண்ணே... ஹோல்டான்!” என்றான். மரத்துக்கும் பேருந்துக்கும் நடுவே நாலு விரல்கடை. கவனியுங்கள்: லெஃப்ட், ரைட் என்ற சொற்களே அவன் வாயில் வரவில்லை. யார் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் டிரைவர் சைடு டிரைவர் சைடுதான். மூன்றாம் தலைகீழை அடியோடு ஒழித்த இந்தக் கண்டுபிடிப்புக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

இப்போது நானும் அப்படியே சொல்கிறேன். மூன்றாவது புண் இல்லை. வளையத்தை இன்னும் வெட்டவில்லை. வாரண்டி டிசம்பரில் முடிகிறது.