திராட்சைவெளியில் இருவர்: நாசிக் பயணத் திட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

மும்பையில் குடியிருக்கும் ஒரு தம்பதி இரண்டு இரவு நாசிக்கின் ஒயின் தோட்டங்களுக்குப் போய்வருவது எங்ஙனம்? பாமரர்க்கு இது ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற காரியம். ஆய்வாளனுக்கு அப்படியல்ல. எளிதில் முடியக்கூடியதை முடியாததாக ஆக்கிக் காட்டுபவர்க்கே முனைவர் பட்டம் வழங்கப்படுகிறது.

ஆய்வின் எல்லை: வடக்கே திண்டோரி, தெற்கே இகத்புரி, அதற்கும் அப்பால் செம்பூரில் எங்கள் வீட்டு சோபா. நெறியாளர்: என் மனைவி. தலைப்பைத் தந்தவரும் அவரே (“எங்கயாவது ரெண்டு பேரும் போயிட்டு வரலாமே”). கருதுகோள்: கணவனும் மனைவியும் தனியாக ஓர் ஊருக்குப் போய்வர முடியும்.

2. முன்னோடிகள்

புறநானூற்றின் 56ஆம் பாடலில், யவனர் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஊட்ட, தினமும் உண்டு மகிழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரனார் வாழ்த்துகிறார். 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலருக்கு ரோமானிய ஒயின் ஜாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. இவ்விரு சான்றுகளையும் கொண்டு ஒயினைக் கண்டுபிடித்தவன் தமிழனே என்று நிறுவிவிடலாம். ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கும், பதிவுக் கட்டணமும், மதிய உணவும், ஐ.எஸ்.பி.என். எண் பெற்ற ஒரு கட்டுரைத் தொகுப்பும் போதும். சரக்கு யவனனுடையது என்பது மட்டும் இடறுகிறது. அதை அடிக்குறிப்பில் தள்ளிவிடலாம்.

நாசிக்கின் ஒயின் வரலாறு இவ்வளவு நீளமானதன்று. கலிபோர்னியாவில் ஆரக்கிள் நிறுவன வேலையை விட்டு ஊர் திரும்பிய ராஜீவ் சமந்த், நாசிக் அருகே குடும்ப நிலத்தில் ஒயின் திராட்சை நட்டுப் பார்த்தார். 1999இல் அவருடைய சுலா ஒயின் நிறுவனம் தொடங்கியது. 2000இல் அதன் முதல் புட்டிகள் வெளிவந்தன. இது குறித்த ஒரே எதிர்வினை: “ஆரக்கிள் வேலையவா விட்டுட்டு வந்தான்? அவங்கம்மா ஒண்ணும் சொல்லலையா?” (அம்மா, வாய்மொழி.)

3. காலம்

பிரான்சிலும் கலிபோர்னியாவிலும் ஆகஸ்டு தொடங்கி அக்டோபர் வரை திராட்சை அறுவடை. நாசிக்கில் அதில் பாதி நாள் மழை கொட்டும். ஆகவே இங்கே கொடியை ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்கிறார்கள்: ஏப்ரல் வாக்கில் ஒன்று, மழை விலகுகிற செப்டம்பர், அக்டோபரில் மற்றொன்று. பின்னதில் பிடிக்கும் குலை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் அறுபடும். பழத்தைக் காலால் மிதிக்க வருவோர்க்கும் இதுவே பருவம். எனவே பயணம் இம்மூன்று மாதத்துக்குள் அமைதல் வேண்டும். கழித்துக் கழித்துக் காண்போம்.

ஜனவரி இறுதி: குளிர் உண்டு, குலை உண்டு, அரசு விடுமுறையும் உண்டு. விடுமுறை 26ஆம் தேதி. அன்று மதுவிலக்கு நாள். குடியரசைக் கொண்டாடத் தோட்டத்துக்குப் போய் திராட்சைச்சாறு குடித்துத் திரும்பிய தம்பதியர் உளர்.

பிப்ரவரி 14: அன்றைய அறை வாடகை, ஊதியக் குழுவின் பரிந்துரைகளைக் கடந்தது.

மகா சிவராத்திரி: பின்வரும் 6ஆம் இயலைக் காண்க; கண்டபின் யாரும் கிளம்பார்.

மார்ச்: பிள்ளைகளுக்குத் தேர்வு, பெரியவர்களுக்கு ஆண்டுக் கணக்கு முடிப்பு.

எஞ்சுவது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் பயணம் ஆகாது (அம்மா, சமையலறை உரைகள், குக்கரின் இரண்டாம் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும் இடைப்பட்ட பகுதி).

4. வழி

ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ரயிலில் போவோர் பஞ்சவடி எக்ஸ்பிரஸ் பிடிப்பர். காரில் போவோர் கசாரா மலைப்பாதையில் சண்டை பிடிப்பர். ஏறி முடிந்ததும் இகத்புரி வருகிறது. அங்கே கோயங்கா நிறுவிய விபசனா தியான மையத்தில் பத்து நாள் யாரோடும் பேசாமல், ஆணும் பெண்ணும் தனித்தனியே இருக்கலாம். ஒயின் தோட்டத்துக்குச் சற்று முன்னதாகவே இப்படியொரு மாற்று ஏற்பாடு அமைந்திருப்பது தற்செயலன்று என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

5. உறைவிடமும் உணவும்

கங்காபூர் அணை நீர் தெரியும் அறை, தெரியாத அறை என உறைவிடம் இருவகை. உணவு: மிசல் பாவ்.

6. இருவர்

ஆய்வின் உயிர்நிலை இதுவே. முந்தைய ஆய்வாளர்கள் ‘இருவர்’ என்பதைக் கேள்வி கேட்காமல் கடந்துவிட்டார்கள். நாம் கடப்பதற்கில்லை. முதலில் வரையறை: இருவர் என்பது எண்ணைக் குறிக்குமேயன்றி ஆளைக் குறிக்காது. ஆட்கள் யாவர் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இருவர் நால்வகைப்படுவர்.

அ) தூய இருவர். திருமண அழைப்பிதழில் மட்டும் காணப்படுவர்.

ஆ) அலைபேசி இருவர். உடலால் இரண்டு, வீடியோ அழைப்பில் ஒன்பது. “அந்தப் பக்கம் திருப்பு, பாத்ரூம் எப்படி இருக்குன்னு பாக்கலாம்.”

இ) உடன்போக்கு இருவர். அகத்திணையில் காதலர் ஊரைவிட்டுக் கிளம்பியதும் செவிலித்தாய் தேடிப் புறப்பட்டுவிடுகிறாள். பாலை வழியில் எதிர்வருவோரையெல்லாம் நிறுத்தி விசாரிக்கிறாள். தனியே போன இருவரை விசாரணையின்றி விட்ட வழக்கம் சங்க காலத்திலேயே இல்லை. இன்று அந்தச் செவிலியின் பணியை ‘லொகேஷன் ஷேர்’ செய்துவருகிறது.

ஈ) பஞ்சவடி இருவர். இவ்வகைக்குச் சான்று நாசிக்கிலேயே உண்டு. கோதாவரிக் கரையில் இன்றைய பஞ்சவடி வட்டாரத்தில்தான் இராமனும் சீதையும் தங்கினர் என்பது மரபு. (பத்ராசலத்தை அடுத்த பர்ணசாலையும் இவ்வுரிமை கோருகிறது. இருதரப்புச் சான்றுகளும் உறுதியாக இருப்பதால் அறிஞர்கள் இன்னும் சில தலைமுறைகளுக்குக் கவலையின்றி வாழலாம்.) நகரை விட்டு, ஆற்றங்கரையில், கணவனும் மனைவியும். உடன் யார்? கொழுந்தன். குடிலைக் கட்டியவனே அவன்தான். அதோடும் நிற்கவில்லை, சூர்ப்பணகை வருகிறாள், அவளைத் தொடர்ந்து கரன் படையோடு வருகிறான். இருவருக்கெனத் திட்டமிடப்பட்ட இடத்தில் ஒரு காண்டத்துக்குள் எத்தனை பேர்! இப்பெருக்கம் அவ்வூர் மண்ணின் இயல்பு என்றே கொள்ள வேண்டும்.

பெருக்கம் நிகழும் முறையைக் களத்தில் நேரடியாகப் பதிவு செய்ய முடிந்தது. பெயர்ப் பலகையில் ‘ஒயின்ஸ்’ என்று பார்த்து வளர்ந்த பெரியவர்களிடம் தோட்டம் என்று சொல்ல இயலாதாகையால், “நாசிக் பக்கம் போயிட்டு வரோம்மா” என்று மட்டும் கூறப்பட்டது.

“நாசிக்கா? திரியம்பகேஸ்வர் அங்கதானே?”

அங்கேதான். நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். பன்னிரு ஜோதிர்லிங்கங்களுள் ஒன்று. பக்கத்துப் பிரம்மகிரியில்தான் கோதாவரி பிறக்கிறாள். ஒரே ஊரில் இறைவனையும் ஒயினையும் வைத்த இயற்கையின் கருணை, திட்டமிடுவோர்க்குச் சதியாக முடிகிறது.

“உன் அத்தை எத்தனை வருஷமா கேட்டுட்டு இருக்கா. அவளுக்கு ஒரு போன் போடு.”

அத்தைக்குப் போன் போடப்பட்டது. அத்தை வந்தால் அத்திம்பேரைத் தனியே விட முடியாது, அவருக்குச் சர்க்கரை. சர்க்கரைக்காரருக்கு வேளைக்குச் சாப்பாடு வேண்டும். ஆகவே எலுமிச்சை சாதம், ஆகவே கூடை, ஆகவே கூடையைத் தூக்க அவர்கள் மகன். மகன் வந்தால் மருமகள். மருமகள் வந்தால் குழந்தை. இரண்டு இருக்கையில் தொடங்கிய திட்டம் இன்னோவாவின் கடைசி வரிசையில் முட்டி நிற்கிறது. இப்பெருக்கத்துக்கு மேல் எல்லை இல்லை என்பதை மாடிவீட்டு மாமா ஏற்கெனவே நிறுவியுள்ளார் (‘காசிக்குப் போன கதை’, லிஃப்டில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு, தரைத்தளம் முதல் மூன்றாம் தளம் வரை, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே மின்சாரம் போனதால் கிடைத்த விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு, இருட்டில், கேள்வி நேரம் வாட்ச்மேன் வந்து கதவைத் திறக்கும் வரை). அவர் தரும் ஒரே விதிவிலக்கு கருத்தரங்கு. கருத்தரங்கு என்று சொல்லிவிட்டுப் போகிறவரோடு குடும்பத்தில் யாரும் கூட வரக் கேட்பதில்லை. மலைவாசத்தலங்களில் இலக்கியக் கருத்தரங்குகள் ஏன் கோடையில் நடக்கின்றன என்ற நெடுநாள் புதிருக்கும் இதில் விடை இருக்கக்கூடும்.

7. சுவைத்தல்

தோட்டம் சேர்ந்தவர்க்கு ஒயினை அணுகும் முறை ஐந்து படிநிலை கொண்டது: பார்த்தல், சுழற்றல், முகர்தல், உறிஞ்சல், துப்பல். வெள்ளை முதலில், சிவப்பு பின்னர். சிவப்பு ஒயினில் தோலும் சாறும் சேர்ந்தே புளிக்கின்றன; நிறமும் நாக்கை இழுக்கும் துவர்ப்பும் தோல் தந்தவை. சாவிஞான் பிளாங்கை முகர்ந்தால் குடமிளகாய் வாசம் வரலாம் என்பர் வல்லார். (“குடமிளகாய்க்கு செம்பூர் மார்க்கெட் போதுமே.” அம்மா, பின்னாளில் தகவல் கசிந்தபோது.)

ஐந்தாம் படியைக் கண்டு புதியவர்கள் திகைப்பதுண்டு. காசு கொடுத்து வாங்கியதைத் துப்புவதா? பல ரகங்களை ஒரே அமர்வில் தெளிவோடு மதிப்பிட இது தேவை. நம் நூல் மதிப்புரையாளர்கள் இதே முறையை வெகுகாலமாகக் கையாள்கிறார்கள். நான்காம் படியை மட்டும் நேரமின்மையால் விட்டுவிடுகிறார்கள்.

8. வாய்மொழித் தேர்வு

அச்சிட்ட ஆய்வேடு ஒரு வெள்ளிக்கிழமை நெறியாளரிடம் சமர்ப்பிக்கப்பட்டது. அவர் நின்றபடியே ஆறாம் இயலின் வரையறையை மட்டும் இருமுறை படித்தார். “நல்லா எழுதியிருக்கீங்க” என்றார். பிறகு பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினார். அவரும் அவருடைய கல்லூரித் தோழியும் அன்று மாலை பஞ்சவடி எக்ஸ்பிரஸில் கிளம்புவதாகவும், அணை தெரியும் அறை கிடைத்துவிட்டதாகவும், தோழி போன் செய்த பத்தாவது நிமிடம் எல்லாம் முடிந்துவிட்டதாகவும் தெரிவித்தார். எண் இரண்டு. வரையறையில் குறை சொல்ல இடமில்லை.

அம்மாவைத் திரியம்பகேஸ்வருக்கு அழைத்துச் செல்லும் களப்பணி ஆய்வாளருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. அத்திம்பேருக்குக் கால்வலி, ஆகவே அத்தை வரவில்லை, ஆகவே கூடை இல்லை. அம்மாவும் நானும் மட்டும். கருதுகோள் இருமுறை நிறுவப்பட்டதாகக் கொள்க.