குப்பி விளக்குக்கு மேலே 66,000 வோல்ட்

மலையகத்து வரலாற்றை எழுதினவர்கள் எல்லாரும் தேயிலையை முதல் அத்தியாயத்தில் நட்டுவிட்டு, மின்சாரத்தைக் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியில் அணைத்துவிடுகிறார்கள். தேயிலைக்கும் கரண்டுக்கும் ஜாதகம் ஒன்றுதான் என்பதை யாரும் கவனிக்கவில்லை. இரண்டுக்கும் வேண்டியது செங்குத்தான சரிவு, சளைக்காத மழை, எதிர்த்துப் பேசாத சனம். 1867ல் இலங்கையின் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார். இரண்டு வருஷத்தில் கோப்பிச் செடியில் துருநோய் வந்து துரைமார் வயிற்றில் அடித்தது. பிறகு மலையெல்லாம் தேயிலைதான். நீர்மின் நிலையங்களும் அதே வழிதான்: டார்ஜிலிங் பக்கம் சித்ரபோங் 1897, நீலகிரியில் பைக்காரா 1932, மூணாறில் பள்ளிவாசல் 1940. துரை எந்த மலையில் ஏறிக் குளிருக்கு கோட்டு மாட்டினாரோ, அந்த மலைக்கெல்லாம் குழாயும் டர்பைனும் பின்னாலேயே மூச்சுவாங்க ஏறிவந்தன.

சக்கரத்தைச் சுற்றத் தண்ணீர் போதும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். விழுகிற தண்ணீரிடம் எவ்வளவு வேலை வாங்கலாம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கலிபோர்னியாவில் தங்கச் சுரங்கங்களைச் சுற்றி வேலை பார்த்த லெஸ்டர் பெல்ட்டன், 1880ல் ஒரு சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். குழாய்த் தண்ணீர் ஒரு பசுவின் மூக்கில் பட்டு இரண்டாகப் பிரிந்து வந்த வழியே திரும்பியதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை உதித்தது என்று ஒரு கதை. அவருடைய சக்கரத்தைச் சுற்றிலும் இரட்டைக் கிண்ணங்கள். பீய்ச்சி அடிக்கிற தண்ணீர் கிண்ணத்தின் நடு விளிம்பில் பிளந்து, வளைந்து, பின்னால் திரும்பும்போது தன் வேகத்தை ஏறக்குறைய முழுசாகச் சக்கரத்திடம் ஒப்படைத்துவிட்டு, சம்பள நாளைக்கு மறுநாள் போலச் சோர்ந்து கீழே விழும். பசுவுக்குக் காப்புரிமையில் பங்கு கொடுத்ததாகத் தகவல் இல்லை.

இந்த மாதிரி டர்பைன்கள் தோட்டத்து ஸ்டோருகளுக்கும், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும், வந்தன. மேலே ஓடையை மறித்து ஒரு சின்னக் குளம், அங்கிருந்து சரிவில் இறங்கும் இரும்புக் குழாய், கீழே சக்கரம். சக்கரத்திலிருந்து தோல் வார்கள் வழியாகக் கொழுந்து அரைக்கும் ரோதைக்கு ஓட்டம். கொஞ்ச காலம் கழித்து அதே தண்டில் ஒரு டைனமோவையும் கோத்தார்கள். காந்தத்துக்கு நடுவே கம்பிச்சுருளைச் சுற்றினால் கம்பியில் மின்னோட்டம் பிறக்கும் என்று மைக்கேல் பரடே 1831லேயே கண்டுபிடித்து வைத்திருந்தார். ஸ்டோரில் லைட் எரிந்தது, பங்களாவில் லைட் எரிந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு எரிந்தது.

ரோதைக்குப் பொறுப்பு பரடே இல்லை, ரோதமுனி. இயந்திரத்தில் கை போகாமல் காக்கிற அந்தச் சாமிக்குப் பூசை போடாமல் ரோதை சுற்றாது என்பது ஸ்டோர்காரர்களின் விதி. இப்படி ஒரு பேச்சு ஏதாவது ஒரு ஸ்டோரில் நடக்காமலா இருந்திருக்கும்:

“ரோதை ஏன் நிக்குது?”

“தண்ணி கொறஞ்சிருச்சிங்க தொரே.”

“நேற்று நல்லா ஓடிச்சே?”

“நேத்து முனிக்கு சேவ குடுத்தோமுங்க தொரே.”

“அப்போ இன்றைக்கும் கொடு.”

“சேவலு தொர கணக்குலங்களா, எங்க கணக்குலங்களா?”

இது விஞ்ஞானக் கேள்வி இல்லை என்று நினைக்க வேண்டாம். சக்தி சும்மா வராது, யாராவது ஒருவர் கணக்கில் கழிந்தே ஆகவேண்டும் என்பதுதான் பௌதிகத்தின் அடிப்படைச் சட்டம். தோட்டத்தில் யார் கணக்கில் கழியும் என்பதில் எந்தக் காலத்திலும் சந்தேகம் இருந்ததில்லை.

இனி விமலசுரேந்திர. 1874ல் காலியில் பிறந்து, பொதுவேலைகள் திணைக்களத்தில் பொறியியலாளராக உயர்ந்த டி. ஜே. விமலசுரேந்திர, கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா பக்கம் தங்கம் இருக்கிறதா என்று பார்க்கப் போனார் என்று சொல்வார்கள். தங்கம் கிடைத்ததோ இல்லையோ, அபர்டீன், லக்சபான அருவிகள் கண்ணில் பட்டன. மற்ற உத்தியோகத்தர்களாக இருந்தால் படம் எடுத்துக்கொண்டு ரெஸ்ட் ஹவுசுக்குத் திரும்பியிருப்பார்கள். இவர் உயரத்தை அளந்தார். 1912ல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் நடுவே பிளாக்பூலில் ஒரு சின்ன நீர்மின் நிலையம் கட்டி நுவரெலியா நகரத்துக்கு வெளிச்சம் கொடுத்தார். துரைமார் சீட்டைத் தடவிப் பார்க்காமல் பார்த்தே ஆட முடிந்தது. 1918ல், முழு இலங்கைக்கும் இப்படி மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் சங்கத்தின் முன்னால் கட்டுரை படித்தார். அரசாங்கம் எல்லா அரசாங்கமும் செய்வதைச் செய்தது. 1924ல் வேலையைத் தொடங்கி, கொஞ்ச நாளில் பணமில்லை என்று பாதியில் நிறுத்தியது. மனுஷன் பென்ஷன் வாங்கிய பிறகும் விடவில்லை. 1931ல் இரத்தினபுரியில் நின்று அரசாங்க சபைக்கே போய் அங்கேயும் இதையே பேசினார். கடைசியில் 1950ல் லக்சபானவில் 25 மெகாவாட் சுற்றத் தொடங்கியபோது அவருக்கு வயசு 76.

அவர் அளந்த உயரத்துக்கு என்ன மதிப்பு என்று பார்ப்போம். நோட்டன் பிரிட்ஜில் தேங்குகிற தண்ணீர் லக்சபான நிலையத்துக்கு 400 மீட்டருக்கும் மேல் விழுகிறது. ஒரு டன் தண்ணீர் 400 மீட்டர் விழுந்தால், தேய்மானம் போக, சுமார் ஒரு யூனிட் மின்சாரம். கரண்ட் பில்லில் 90 யூனிட் என்று இருந்தால், உங்கள் வீட்டுக்காக யாரோ 90 டன் தண்ணீரை மலையிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். அவ்வளவு தண்ணீரையும் மேலே தூக்கி வைத்தது சூரியனும் மேகமும். அவை இரண்டும் இன்னும் சங்கம் அமைக்கவில்லை.

லக்சபானவிலிருந்து கொழும்புப் பக்கம் கொலன்னாவைக்கு 66,000 வோல்ட்டில் கம்பி இழுத்தார்கள். ஏன் அவ்வளவு வோல்ட்? 25 மெகாவாட்டை வீட்டு அளவிலேயே, மூன்று கம்பியில் 400 வோல்ட்டாக அனுப்பினால் ஒவ்வொரு கம்பியிலும் 36,000 ஆம்பியர் ஓடவேண்டும். 66,000 வோல்ட்டில் அனுப்பினால் 219 ஆம்பியர் போதும். கம்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஆகவே அதே கம்பியில் வீட்டு அளவு வோல்ட்டில் அனுப்பினால் நட்டம் 27,000 மடங்கு. கொழும்புக்கு ஒன்றும் போய்ச் சேராது, வழியில் காக்கைக்குக் குளிர் காயத்தான் உதவும். அதனால்தான் மின்மாற்றி போட்டு ஏற்றி அனுப்பி, அந்தப் பக்கம் இன்னொரு மின்மாற்றி போட்டு இறக்கிக்கொள்கிறார்கள்.

கொழுந்து மலைக்கு மேலே கோபுரம் கோபுரமாக அந்தக் கம்பி போனது. கம்பிக்குக் கீழே லயம். லயத்துக்குள் குப்பி விளக்கு. “மேலே போவதிலிருந்து ஒரு நூல் எங்களுக்கும் விடக்கூடாதா?” என்று கேட்டால், “அப்படி எல்லாம் எடுக்க முடியாது, இறக்குவதற்கு மின்மாற்றி வேண்டும்” என்று பதில் சொல்லலாம். பௌதிகப்படி அந்தப் பதில் நூற்றுக்கு நூறு சரி. மின்மாற்றியை யார் வாங்கித் தருவது என்பதற்குத்தான் நாற்பது ஐம்பது வருஷம் ஆச்சு.

அதற்கு முன்பிருந்தே அரசியல்வாதிகள் வேறொரு விதியைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சந்திக்குள் வருகிற மின்னோட்டம் எவ்வளவோ அவ்வளவும் வெளியே போயாக வேண்டும் என்று 1845ல் சொன்னவர் கேர்ச்சோப். கம்பிக்குச் சொன்னதை நம்மவர்கள் மனுஷருக்கு எடுத்துக்கொண்டார்கள். 1947 தேர்தலில் மலைநாட்டிலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரை அனுப்பியது. அடுத்த வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து இந்திய வம்சாவளித் தமிழர் ஏழு லட்சம் பேரைச் சுற்றிலிருந்து கழற்றிப் போட்டது. 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து சந்திக் கணக்கைச் சரிபார்த்தார்கள். மொத்தம் 9,75,000. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பிறகு பார்ப்போம். பத்து வருஷம் கழித்து அதையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள். வந்ததும் போனதும் ஒரு ஆள் பிசகாமல் சமம். கேர்ச்சோப்பே எழுந்து நின்று கைதட்டியிருப்பார். தலைமன்னார் கப்பலுக்குப் போகிற ரயிலில் பாதிக் குடும்பம் ஏறிப் பாதிக் குடும்பம் இறங்கி நின்று அழுததை எந்தச் சமன்பாட்டிலும் எழுத இடமில்லை.

ஆட்கள் போக, அணைகள் வந்தன. 1965ல் காசல்ரி, நோட்டனில் விமலசுரேந்திர பெயரில் ஒரு நிலையம். 1969ல் மவுசாகலை. அந்தத் தண்ணீருக்குள் பழைய மஸ்கெலியா டவுன் அப்படியே மூழ்கியது. கோடையில் நீர் வற்றினால் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றோடு எழுந்து வரும். சனம் இறங்கிப் போய்க் கும்பிட்டுவிட்டு வரும். இவ்வளவு செய்தும் தண்ணீருக்கு விடுதலை கிடைக்கவில்லை. காசல்ரியில் புறப்பட்ட தண்ணீர் நோட்டனில் ஒரு முறை, லக்சபானவில் ஒரு முறை, பொல்பிட்டியவில் ஒரு முறை என்று மூன்று முறை டர்பைனில் விழுந்து எழுந்த பிறகுதான் களனியைப் பார்க்கிறது. மவுசாகலைத் தண்ணீருக்கும் அப்படித்தான்: கெனியன், புது லக்சபான, பொல்பிட்டிய. தோட்ட நிர்வாகம் பார்த்திருந்தால், தண்ணீரே இத்தனை கொந்தரப்பு எடுக்கிறபோது உங்களுக்கு என்ன என்று கேட்டிருக்கும்.

மின்னோட்டத்தில் ஒரு நாணயம் உண்டு. சுற்று மூடியிருந்தால்தான் அது ஓடும். போனது திரும்பி வந்தே ஆகவேண்டும். மலையிலிருந்து கொழும்புக்குப் போன தேயிலைக் காசுக்கும் கரண்ட் காசுக்கும் அந்த விதி பொருந்தவில்லை.

கம்பி வராத லயத்துக்கு அலை வந்தது. முதலில் தப்புப் பறை. விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு எழுப்ப அடிக்கிற தப்பின் ஒலி விநாடிக்கு 340 மீட்டர் போகும். ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற டிவிஷனுக்கு மூன்று விநாடி பிந்தித்தான் கேட்கும். அந்த மூன்று விநாடித் தூக்கம் தோட்டத்தில் இனாமாகக் கிடைத்த ஒரே சலுகை.

பிறகு ரேடியோ. கொழும்பில் 1925ல் எட்வர்ட் ஹார்ப்பர் தொடங்கி வைத்த ஒலிபரப்பு, டிரான்சிஸ்டர் பெட்டி வந்ததும் லயத்துக் காம்பிராவுக்குள் நுழைந்தது. மத்திய அலை ஒன்று சுமார் 300 மீட்டர் நீளம். மலை குறுக்கே நின்றாலும் வளைந்து பள்ளத்துக்குள் இறங்கிவிடும். பின்னாளில் வந்த எப்எம் அலைக்கு நீளம் மூன்றே மீட்டர். மலை மறைத்தால் அதோடு சரி. ஹட்டனில் தெளிவாகக் கேட்கிற எப்எம் பக்கத்துப் பள்ளத்தில் கரகரப்பதற்கு அறிவிப்பாளரின் தொண்டை காரணமில்லை. சிற்றலையோ வானத்தில் மோதித் தெறித்துக் கடலைத் தாண்டும். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் மயில்வாகனத்தையும் கே. எஸ். ராஜாவையும் அப்துல் ஹமீதையும் தமிழ்நாட்டார் சொந்த வீட்டுப் பிள்ளைகளாக்கிக்கொண்டது அப்படித்தான். பாஸ்போர்ட் கேட்காமல் பாக்கு நீரிணையைத் தாண்டியது அந்த அலை மட்டும்தான்.

ரேடியோவுக்குள் ஒன்றரை வோல்ட் பெட்டரி நான்கை வரிசையாக அடுக்கினால் ஆறு வோல்ட். ஒன்று செத்தால் மற்ற மூன்றும் கூடப் படுத்துவிடும். பாட்டு இழுக்கத் தொடங்கியதும் நான்கையும் கழற்றித் தகரத்தின் மேல் வெயிலில் வைப்பார்கள். சூடு ஏறினால் உள்ளே ரசாயனம் கொஞ்சம் சுறுசுறுப்பாகி இன்னும் ஓரிரண்டு பாட்டுத் தாங்கும். நுவரெலியாவில் வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். அடுப்போரம் இருக்கிறதே. பிறகு டிவி வந்தபோது கார் பெட்டரியை டவுனில் சார்ஜ் ஏற்றி, தோளில் தூக்கி மலை ஏறினார்கள். நாட்டுக்கே மின்சாரம் அனுப்புகிற மலையில், பன்னிரண்டு வோல்ட்டை ஆள் சுமந்து ஏற்றிக்கொண்டிருந்தான்.

இப்போது லயங்களிலும் கரண்ட் இருக்கிறது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததில் முழு நாடும் இருண்டது என்று அமைச்சரே அறிவித்தார். தீவு முழுக்க ஒரே நேரத்தில் சமமாக நடத்தப்பட்டது அன்றைக்குத்தான்.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்று பாக்கி. லயங்கள் அடிக்கடி தீப்பிடிக்கின்றன. காரணம் மின்கசிவு என்று செய்தியில் ஒற்றை வார்த்தை வரும். பல்ப் எரிவதற்காக இழுத்த மெல்லிய வயர் அது. அறுபது வாட் பல்புக்குக் கால் ஆம்பியர் போதும். அதே வயரில் இரண்டாயிரம் வாட் கேத்தலைச் செருகினால் ஒன்பது ஆம்பியர் கிட்ட ஓடும். மின்னோட்டம் முப்பத்து மூன்று மடங்கு என்றால் வயர் சூடாவது ஆயிரத்து நூறு மடங்கு. நட்டத்தைக் குறைக்க 66,000 வோல்ட்டுக்கு ஏற்றினார்களே, அதே வர்க்கக் கணக்குத்தான் இங்கே கூரையைக் கொளுத்துகிறது. வரிசை வீடுகளுக்கு ஒரே கூரை; ஒரு காம்பிராவில் பற்றினால் கடைசிக் காம்பிரா வரை போகும்.

ஆகவே அடுத்த முறை ஓட்டுக் கேட்டு யாராவது தோட்டத்துக்கு வந்தால், மாலையைக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள்: குடும்பத்துக்கு ஒரு மீட்டர், சுமைக்கு ஒரு பிரேக்கர், கசிவுக்கு ஒரு ட்ரிப் சுவிட்ச், பழைய வயர் முழுசும் மாற்றம். வேலை முடிந்த பிறகு வந்து படம் பிடித்துக்கொள்ளட்டும்.