முழங்கால் சிராய்ப்பும் அருகாமை விதியும்: சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

சேலம், நாமக்கல் பக்கம் ஒருவருக்குத் தோல் சிராய்ந்தால் அதன்மேல் என்ன மருந்து விழும் என்பதைக் காயத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. விழுந்த இடத்தைப் பார்த்தால் சொல்லிவிடலாம். இக்கட்டுரை இதை அருகாமை விதி என்று அழைக்கிறது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் தகரம் கிழித்தால் டீசல். அடுப்படியில் அரிவாள்மனை பட்டால் காபித்தூள். டீ குடிக்கும் குடும்பமென்றால் மஞ்சள்தூள். மரவள்ளிக் காட்டில் களைக்கொத்து பட்டால் வெட்டுக்காயப் பூண்டு. சைக்கிளிலிருந்து விழுந்த பையனுக்கு அவனுடைய எச்சிலே போதும்.

இவற்றுள் வெட்டுக்காயப் பூண்டுக்கும் மஞ்சளுக்கும் சர்வதேசத் தொடர்புகள் உண்டு என்பதால் சற்று நிற்க வேண்டும். வரப்பில் தானாக முளைத்துக் கிடக்கும் அந்தப் பச்சிலையைக் கசக்கிப் பிழிந்து, "சித்தர் காலத்து மூலிகையாக்கும்" என்று பெருமையோடு விடுகிறோம். அதன் பூர்வீகமோ வெப்பமண்டல அமெரிக்கா. அமெரிக்கக் கண்டம் இதற்கு ஈடு கேட்காமல் இருக்குமா? 1995-இல், மஞ்சளால் காயம் ஆற்றும் முறைக்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து மனுப் போட்டு 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. இதில் கவனிக்கத்தக்கது சாட்சியம். வெளிநாட்டில் வழக்கத்தில் இருந்தது என்று மட்டும் சொன்னால் அன்றைய அமெரிக்கச் சட்டம் ஏற்காது. அச்சில் இருக்க வேண்டும். ஆகவே பழைய சமஸ்கிருத நூலும், 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையும் படியேறின. மஞ்சள் மண்டி நடக்கும் நாமகிரிப்பேட்டையில் அம்மிச்சிகள் தலைமுறை தலைமுறையாக ஆற்றிய முழங்கால்கள், அச்சேறாத காரணத்தால், சாட்சிப் பட்டியலில் இல்லை. காப்புரிமை கேட்ட ஆய்வாளர்கள் இருவரும் இந்திய வம்சாவளியினர். அவர்களுடைய பாட்டிமாரையும் யாரும் விசாரிக்கவில்லை.

அடுத்தது எரிச்சல் கோட்பாடு. எரியாத மருந்து மருந்தே அல்ல. டிஞ்சர் மதிப்போடு வாழ்ந்ததும், எரியாத களிம்பைப் 'பவுடர் பூச்சு' என்று பெரியவர்கள் ஒதுக்கியதும் இதனால்தான். எரிவது கிருமி சாவதால் என்பது கோட்பாடு. கூடவே நல்ல தசையும் சாகிறது என்பதை அது பேசாது. இதன் பங்காளி, "காத்தாட உடு, பக்குக் கட்டட்டும்" என்பது. 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சோதித்து, மூடி ஈரமாக வைத்த காயத்தில் புதுத்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் படர்வதைக் காட்டினார். பன்றிக்குச் சரி, நம்ம பையனுக்கு ஆகுமா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இனி, அருகாமை விதியின் ஒரே விதிவிலக்கு. எல்லா மருந்தையும்விடப் பக்கத்தில் இருப்பது தண்ணீர். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு மண்ணையும் தூசியையும் கழுவி, சுத்தமான துணியால் அழுத்தி ரத்தத்தை நிறுத்தி, கட்டுப்போடுவதுதான் மருத்துவர்கள் சொல்லும் முறை. பட்டறையிலும் குழாய் இருக்கிறது, காட்டில் போர்வெல் ஓடுகிறது. ஆனாலும் காயத்தில் தண்ணீர் பட்டால் சீழ் வைக்கும் என்ற அச்சம் இச்சமவெளியில் மேட்டூர் கால்வாயைவிட நீளம். டீசலுக்குப் பயப்படாதவர் தண்ணீருக்குப் பயப்படுகிறார். காரணம், என் முடிவுப்படி, காசில்லாமல் வருவதற்கு மரியாதை இல்லை.

டெட்டனஸ் விஷயத்திலும் பயம் இடம் மாறித்தான் இருக்கிறது. நோய்க்கிருமி மண்ணிலும் சாணத்திலும் குடியிருக்கிறது. பழியைத் துருப்பிடித்த ஆணி சுமக்கிறது. அதனால் ஆணி குத்தியவர் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுகிறார். காட்டு மண்ணில் விழுந்து தேய்ந்தவர் காயம் வீங்கியபின் மூன்றாம் நாள் போகிறார். "எல்லா மருந்தும் போட்டாச்சுங்க சிஸ்டர்" என்கிறார். சிஸ்டர் ஊசியை எடுக்குமுன் அவர் காலைக் குழாயடியில் நீட்டச் சொல்லி, இறுகிப்போன காபித்தூளைச் சோப்புப் போட்டுக் கழுவத் தொடங்குகிறார். அவர் காலை இழுத்துக்கொள்கிறார்.

"ஏனுங்க சிஸ்டர், தண்ணி பட்டாச் சீழ் வெச்சுக்காதுங்களா?"